உயர் மின்னழுத்த விளையாட்டும் உயிர்க்காப்பும்



உலர்ந்த கூந்தலைச் சீப்பினால் வாரும்போது எழும் மெல்லிய படபடப்பையும், இருளிலே நைலோன் சட்டையைக் கழற்றும்போது தோன்றும் நீல ஒளித் துளிகளையும் உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். அவற்றைக் கண்ட இளைஞன் ஒருவனுக்கு, அப்பொறியை இன்னும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும் என்னும் ஆசை பிறத்தல் இயல்பே. அவ்வாசையைப் பழித்தல் தகாது. மின்னியல் என்னும் விஞ்ஞானம் வளர்ந்ததற்கு அவ்வாசையும் ஒரு காரணமாகும். ஆயினும், பொறியோடு விளையாடுவோன் தன் உயிரைக் காத்துக்கொள்வது எங்ஙனம் என்பதை முதலில் அறிதல் வேண்டும். அதனைப் பற்றியே இன்று உங்களோடு பேசக் கருதுகின்றேன்.

இதற்கு வாய்ப்பானதொரு கதையைச் சரித்திரமே நமக்கு வைத்திருக்கின்றது. 1750ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் 23ஆந் திகதி இரவு, அமெரிக்காவிலே பிலதெல்பியா நகரில், பெஞ்சமின் பிராங்கிளின் என்னும் அறிஞர் நண்பர் சிலர் முன்னிலையில் ஒரு வான்கோழியை மின்னதிர்ச்சியாற் கொல்ல முனைந்தார். மின்னைச் சேர்த்து வைக்கும் பெரிய கண்ணாடிச் சாடிகள் இரண்டு அவர் முன்னே இருந்தன. நண்பர்கள் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தனர். அவர் கவனம் ஒரு கணம் சிதறியது. சாடிகளின் புறத்தோடு இணைந்த சங்கிலி ஒரு கையில் இருக்க, மற்றக் கையைச் சாடிகளின் மேற்கம்பிகளில் வைத்துவிட்டார். சேர்ந்திருந்த மின் முழுவதும் ஒரு கையிற் புகுந்து, மார்பைக் கடந்து, மறு கை வழியே பாய்ந்தது. பெரிய ஒளியும் துப்பாக்கி வெடித்தாற்போன்ற ஓசையும் எழுந்தனவென்று அருகிருந்தோர் கூறினர். அவரோ அவ்வொளியைக் காணவுமில்லை, ஓசையைக் கேட்கவுமில்லை. உடல் முழுவதும் நடுங்கிற்று. கைகளும் பிடரியும் மறுநாட் காலைவரை மரத்துக் கிடந்தன.

அக்காலத்தில் மின்னைப் பற்றி அவரிலும் நன்கறிந்தோர் மிகச் சிலரே. அறிவு அவரைக் காக்கவில்லை என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும். மூன்றாண்டுகள் கழிந்து, 1753இல், இரசியாவின் பீற்றர்சுபேர்க்கு நகரில் ரிச்மன் என்னும் பேராசிரியர், இடிமழை வேளையில் வீட்டுக் கூரையிலிருந்து உள்ளே கொணர்ந்த கம்பியின் மின்னை அளக்க நெருங்கியபோது உயிரிழந்தார். அக்கம்பி நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கவில்லை. வானத்து மின்னலை வீட்டுக்குள் அழைக்கும் எந்தப் பரிசோதனையும் எக்காலத்துக்கும் ஆகாது என்பதற்கு அம்மரணமே சான்று.

இனி, ஆபத்து எங்கே இருக்கின்றது என்று ஆராய்வோம். பலர், உவோற்றுக் கணக்கு உயர உயர ஆபத்தும் அதே அளவில் உயரும் என எண்ணுகின்றனர். இது பாதி உண்மையே. பனைமர உச்சியிலிருந்து ஒரு பனித்துளி நம் தலைமேல் வீழ்ந்தால் நோவதில்லை. அதே உச்சியிலிருந்து ஒரு பனங்காய் வீழ்ந்தால் தலை தப்புவது அரிது. இரண்டுக்கும் உயரம் ஒன்றே. வீழ்ந்த பொருளின் அளவு வேறு. மின்னழுத்தம் என்பது அவ்வுயரம் போன்றது. அவ்வுயரத்திலிருந்து எவ்வளவு மின் வீழ்கின்றது என்பதே உயிரைக் காப்பதும் போக்குவதும்.

நம் உடலில் உராய்வினால் ஏறும் மின் 10,000 உவோற்றளவு உயரலாம். ஆனால் அதில் அடங்கிய ஆற்றல் ஒரு யூலின் இருநூறில் ஒரு பங்கே. ஊசி குத்தினாற்போன்ற உணர்ச்சியோடு அது தீர்ந்துவிடும். பழைய புகைப்படக் கருவியின் ஒளிவிளக்கிலோ மின்னழுத்தம் 300 உவோற்றே. ஆனால் அதன் உள்ளே ஏறத்தாழ 5 யூல் ஆற்றல் தேங்கி நிற்கும். முன்னதினும் ஆயிரம் மடங்கு! உவோற்றுக் குறைந்தது என்று நம்பி அதனைத் திறந்து கை வைத்தவன் நன்றாக அடிபடுவான்.

ஆகவே எந்தக் கருவியை அணுகுமுன்னரும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். ஒன்று, இதற்கு மின் வரும் ஊற்று எது? மற்றொன்று, வந்த மின் தேங்கும் குளம் எவ்வளவு பெரியது? இவ்விரண்டுக்கும் விடை தெரியாத கருவியைத் தீண்டாதீர்கள். ஆழமறியாமற் காலை விடாதே என்று முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

ஊற்றும் சிறிது, குளமும் சிறிது என்றமைந்த ஒரு கருவியிலிருந்து தொடங்குவதே நன்று. இத்தாலிய அறிஞர் வோல்ற்றா 1775இல் மக்களுக்கு அறிமுகப்படுத்திய மின்தட்டு அத்தகையது. தட்டையான பிளாத்திக்குத் தகடு ஒன்றை மேசைமேல் வைத்து, உலர்ந்த கம்பளித் துணியால் நன்றாகத் தேய்க்க வேண்டும். விளிம்பு மழுங்கிய வட்டமான தகர மூடி ஒன்றின் நடுவிலே மெழுகுதிரி ஒன்றைக் கைப்பிடியாக ஒட்டி, அதனைத் தகட்டின்மேல் வைக்க வேண்டும். மூடியை விரலால் ஒரு முறை தொட்டுவிட்டு, மெழுகுதிரியைப் பிடித்து மேலே தூக்கி, மறு விரலை அருகே கொணர்ந்தால் படீரென ஒரு பொறி பாயும். மீண்டும் வைத்து, தொட்டு, தூக்கலாம். தகட்டை மறுபடி தேய்க்காமலே பல முறை பொறி கிடைக்கும். தகட்டின் மின் செலவழியாதிருக்கப் பொறி எங்கிருந்து வருகின்றது? ஒன்றையொன்று இழுக்கும் இரு மின்களைப் பிரித்துத் தூக்கும் உங்கள் கையின் உழைப்பே பொறியாகின்றது. கை கொடுத்ததற்கு மேல் அது திருப்பித் தாராது. எங்கள் கரையோர ஊர்களின் ஈரக்காற்றில் இது சோர்ந்துவிடும். துணியையும் தகட்டையும் வெயிலில் உலர்த்திக்கொண்டால் வேலை செய்யும்.

பொறியின் நீளத்தைக் கொண்டு மின்னழுத்தத்தை ஒருவாறு மதிக்கலாம். உருண்டையான இரு உலோகக் குமிழ்களுக்கிடையே, ஒரு மில்லிமீற்றர் காற்றைத் தாண்ட ஏறத்தாழ 3,000 உவோற்று வேண்டும். ஒரு சென்ரிமீற்றர் பொறி என்றால் 30,000 உவோற்று. கூரிய முனையிலிருந்தோ இதனிலும் குறைந்த அழுத்தத்திலேயே மின் கசியும். ஆதலால், உயர் மின்னழுத்தக் கருவி செய்வோர் முனைகளை உருட்டி மழுக்கி வைப்பர்.

சிறுதுளி பெருவெள்ளம் என்பது மின்னுக்கும் உண்மையே. மின்தட்டின் பொறிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரு சாடியிற் சேர்த்தால், குளம் நிரம்பத் தொடங்குகின்றது. அச்சாடியே 1740களில் ஒல்லாந்தின் லெய்டன் நகரிற் புகழ்பெற்ற லெய்டன் சாடி. இன்றைய பாடநூல்கள் கொள்ளளவி என்றும், பழைய வானொலி திருத்துவோர் கொண்டென்சர் என்றும் கூறுவது அதன் வழித்தோன்றலே. பிராங்கிளினுடைய கருவியும் கையாற் சுற்றப்பட்டதுதான்; ஊற்றுச் சிறிது; ஆயினும் குளம் பெரிதாகிவிட்டது. கொள்ளளவியில் அடங்கும் ஆற்றல், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு வளர்வது. அழுத்தம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். ஒரு யூலை நெருங்கும் எதனையும் அச்சத்தோடு அணுகுங்கள். 10 யூல் மார்பின் வழியே பாய்ந்தால் உயிரையும் போக்கலாம்.

குளத்தினும் கொடியது வற்றாத ஊற்று. வீட்டுச் சுவரிலுள்ள 230 உவோற்று மின்னுக்குப் பின்னே நாட்டின் மின்னிலையங்கள் யாவும் நிற்கின்றன. அவை கேட்ட அளவு கொடுக்கும், களைப்பதில்லை. உடலூடாக ஒரு மில்லியம்பியர் ஓடினால் கூச்சம் தோன்றும். பத்து, பதினைந்து மில்லியம்பியர் ஓடினால் தசைகள் இறுகிப் பிடித்ததை விட முடியாது போகும். நூறு மில்லியம்பியர் மார்பைக் கடந்தால் இதயம் ஒழுங்கிழந்து துடித்து நின்றுவிடலாம்.

இவ்விடத்தில் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். பழுதான நுண்ணலை அடுப்பிலிருந்து திரான்ஸ்போமர் எனப்படும் நிலைமாற்றியைக் கழற்றிப் பரிசோதனை செய்யும் வழக்கம் இளைஞரிடையே பரவியிருக்கின்றது. அதன் வெளியீடு ஏறத்தாழ 2,000 உவோற்று. அரை அம்பியரும் அதற்கு மேலும் தரவல்லது. இதயத்தைக் குலைக்க வேண்டியதிலும் பன்மடங்கு அது. இதனைக் கொண்டு ஈரப் பலகையில் மின்னை ஓட்டி, மரக்கிளை போன்ற கருங்கோலம் எரிக்கும் கலை ஒன்றுண்டு. 1777இல் சேர்மனியில் இலிச்சென்பேர்க்கு என்னும் அறிஞர் தூளிலே கண்ட மின்கோலங்களின் பெயரால் அதனை வழங்குவர். அழகிய கோலமே, ஆனால் அதனை வரையப் புகுந்தோர் பலர் உயிரிழந்துள்ளனர். அமெரிக்க மரக்கடைச்சற் கலைஞர் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் இதனை அறவே தடைசெய்துவிட்டது.

வீட்டில் ட்ரிப் சுவிச் இருக்கின்றதே, அது காக்குமே என்பீர்கள். 30 மில்லியம்பியர் நிலத்துக்குக் கசிந்ததும் மின்னை வெட்டும் அச்சாதனம் பல உயிர்களைக் காத்தது உண்மை. ஆனால் அது சென்ற மின்னும் திரும்பிய மின்னும் சமமா என்று மட்டுமே பார்க்கின்றது. நிலைமாற்றியின் இரண்டாஞ் சுருளுக்கு அப்பால், உங்கள் உடலூடாக ஓடும் மின்னை அது காணாது. விளக்கு எரிவதாக எண்ணி வாளாவிருக்கும். ஆதலின், இந்நிலைமாற்றியோடு விளையாடாதிருப்பதே அறிவுடைமை.

கொள்ளளவிகளோடு பழகுவோர் கைக்கொள்ள வேண்டிய முறைகளை இனிச் சொல்கின்றேன்.

தனியே இருந்து பரிசோதனை செய்யாதீர்கள். மின்னை எங்கே நிறுத்துவது என்று அறிந்த ஒருவர் அருகே இருக்கட்டும். ஆனால் கருவி இயங்கும்போது அவரோடு உரையாடாதீர்கள். பிராங்கிளினைப் பேச்சே வீழ்த்தியது. மோதிரத்தையும் கைச்சங்கிலியையும் கழற்றிவிடுங்கள். ஈரக் கையோடும் வெறுங்காலோடும் நெருங்காதீர்கள். கருவியைத் தொட நேர்ந்தால் ஒரு கையாலேயே தொட்டு, மறு கையைச் சட்டைப்பையில் வையுங்கள். கையிலிருந்து கைக்குப் பாயும் மின் இதயத்தின் வழியே செல்கின்றது. ஒரு கை விலகியிருந்தால் அவ்வழி அடைபடும். மண்ணெண்ணெய், பெற்றோல் முதலியவற்றைப் பொறியின் அருகே வைக்கலாகாது. இதய இயக்கி பொருத்தியவர்கள் இப்பரிசோதனைகளுக்குத் தொலைவிலேயே இருக்க வேண்டும்.

மின்னை நிறுத்திவிட்டேன் என்பதனாற் கருவி இறந்துவிட்டதென்று எண்ணாதீர்கள். மடையை அடைத்தாலும் குளத்தில் நீர் நிற்கும். ஆதலால் ஒவ்வொரு கொள்ளளவியின் குறுக்கேயும் மின்னை மெல்ல வடிக்கும் தடையி ஒன்று நிலையாக இருத்தல் வேண்டும். ஒரு மைக்கிரோபரட்டுக் கொள்ளளவிக்குக் குறுக்கே 10 மெகா ஓம் தடையி இருந்தால், 50 செக்கனில் அழுத்தம் நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். சாதாரணச் சிறு தடையிகள் 250 உவோற்றளவே தாங்குவன. 5,000 உவோற்றுக்கு இருபதுக்குக் குறையாத தடையிகளை வரிசையாகத் தொடுக்க வேண்டும். மறந்தால் தடையி உள்ளே சிதைந்து, வெளிப்பார்வைக்கு நன்றாயிருந்தும் மின்னை வடிக்காது நிற்கும்.

வடிதடையியை மட்டும் நம்பியும் இராதீர்கள். ஒரு மீற்றர் நீளமான உலர்ந்த பிளாத்திக்குக் குழாயின் நுனியிற் செப்புக் கொளுக்கி பொருத்தி, அதிலிருந்து சில ஆயிரம் ஓம் தடையூடாகக் கம்பி ஒன்றைக் கொணர்ந்து வடிகோல் ஒன்று செய்துகொள்ளுங்கள். முதலிற் கம்பியைக் கொள்ளளவியின் நிலம் தொடுத்த முனையில் இறுக்கிக் கட்டிய பின்னரே, கொளுக்கியால் மறு முனையைத் தொட வேண்டும். இவ்வொழுங்கு மாறலாகாது. திருகாணிச் செலுத்தியை வைத்துக் குறுக்கிடுவது வீரமன்று. உருகிய உலோகம் கண்ணிலே தெறிக்கும். வடித்து முடிந்த பின், இரு முனைகளையும் வெறுங்கம்பியால் இணைத்து அப்படியே விட்டுவிடுங்கள். வடித்த கொள்ளளவி தன்னுள்ளே ஒளிந்திருந்த மின்னால், சற்று நேரத்தில் தானாகவே மீண்டும் ஏறக்கூடும்.

எவரேனும் மின்பட்டு வீழ்ந்தால், ஓடிச்சென்று தொடாதீர்கள். முதலில் மின்னை நிறுத்துங்கள். பின்னர் மூச்சும் இதயத் துடிப்பும் உண்டா எனப் பாருங்கள். இல்லையேல் மார்பை அழுத்தி உயிர்ப்பூட்டத் தொடங்குங்கள். இலங்கையில் 1990 என்னும் எண்ணுக்கு அழைத்தால் இலவச நோயாளர் காவு வண்டி வரும். அந்த எண்ணைப் பரிசோதனை மேசைக்கு மேலே பெரிதாக எழுதி வையுங்கள்.

பிராங்கிளின் தமக்கு நேர்ந்ததை இரண்டு நாட்களின் பின் ஒரு கடிதத்தில் எழுதினார். மற்றொரு நண்பருக்கு எச்சரிக்கையாக இதனைச் சொல்லலாம். ஆயின் பலரறியச் செய்ய வேண்டாம், இத்தகைய பிழை செய்ததற்கு நாணுகின்றேன் என்பது அதன் கருத்து. அந்நாணத்தினும் அவ்வெச்சரிக்கையே பெரிதாயிற்று. அவர் உயிர் பிழைத்தமையால் 1752இல் மின்னல் பற்றிய தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். இடிதாங்கியும் உலகுக்குக் கிடைத்தது. பரிசோதனை செய்ய ஆசை கொண்ட இளைஞரே, உங்கள் கைகளாலும் நாளை நல்லன பல விளையக்கூடும். அக்கைகளில் ஒன்றைச் சட்டைப்பையில் வைக்கப் பழகிக்கொள்ளுங்கள்.