கினிப்பன்றியின் கடும் நோய்க்கான மருத்துவ முடிவு

கினிப்பன்றியின் கடும் நோய்க்கான மருத்துவ முடிவு என்பது, உயிருக்கு ஆபத்தான நோயுற்ற கினிப்பன்றி ஒன்றுக்கு நோயைக் குணமாக்கும் மருத்துவம் அளிப்பதா, வலியைத் தணிக்கும் மருத்துவம் மட்டும் அளிப்பதா, அல்லது கருணைக்கொலை செய்வதா என்பதை வளர்ப்பவரும் விலங்கு மருத்துவரும் இணைந்து தீர்மானிப்பதைக் குறிக்கும். நாய், பூனை போன்ற பெரிய வளர்ப்பு விலங்குகளுக்கும் இத்தகைய முடிவுகள் எடுக்கப்படுகின்றன. எனினும் கினிப்பன்றியைப் பொறுத்தவரை முடிவெடுப்பதற்குக் கிடைக்கும் காலம் மிகக் குறைவு. உண்ணாதிருக்கும் கினிப்பன்றியின் நிலை ஒரே நாளில் மீட்க முடியாத அளவுக்கு மோசமடையக்கூடும். எனவே உணவூட்டல், வலி நீக்கல் ஆகியவற்றை உடனே தொடங்கி, அதனால் கிடைக்கும் காலத்தில் நோயை அறிந்து, அதன் பின்னரே இறுதி முடிவுக்கு வருவது பொதுவாகப் பின்பற்றப்படும் முறையாகும்.

விலங்கின் இயல்பு

கினிப்பன்றி தென் அமெரிக்காவின் அந்தீசு மலைப் பகுதியில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பழக்கப்படுத்தப்பட்ட கொறிணி ஆகும். இது பன்றியினத்தைச் சேர்ந்தது அன்று. இதன் அறிவியற் பெயர் கேவியா போர்செல்லசு. வளர்ந்த விலங்கு பெரும்பாலும் 700 முதல் 1200 கிராம் வரை எடை கொண்டிருக்கும். பொதுவாக 5 முதல் 7 ஆண்டுகள் வரை வாழும்.

மருத்துவ முடிவைப் பாதிக்கும் இயல்புகளுள் மூன்று முதன்மையானவை. முதலாவது, இதன் செரிமான மண்டலம் இடைவிடாது நார்ச்சத்து கிடைப்பதை நம்பி இயங்குகிறது. உணவு நின்றால் குடலின் அசைவு நின்றுவிடும். குடலில் வளிமம் சேரும். உடற்கொழுப்பு கல்லீரலில் படியத் தொடங்கும். இரண்டாவது, மனிதரைப் போலவே கினிப்பன்றியின் உடலும் உயிர்ச்சத்து சி-யைத் தானே உருவாக்க இயலாதது. மூன்றாவது, இது பிற விலங்குகளுக்கு இரையாகும் இனம். ஆதலால் நோயையும் வலியையும் இயன்றவரை மறைத்துக் கொள்ளும். வளர்ப்பவர் கண்ணுக்கு நோய் புலப்படும் வேளையில் அது பெரும்பாலும் முற்றியிருக்கும்.

நோயின் அறிகுறிகள்

பின்வருவன உடனடி மருத்துவ உதவி தேவைப்படும் அறிகுறிகள் ஆகும்.

- உணவை மறுத்தல், அல்லது உண்ண விரும்பியும் மெல்ல இயலாமை
- புழுக்கை குறைதல் அல்லது நின்றுபோதல்
- மூச்சுத் திணறல், மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிதல்
- சிறுநீரில் குருதி, சிறுநீர் கழிக்கும்போது கத்துதல்
- மயிர் சிலிர்த்து, முதுகு கூனி ஒரு மூலையில் அசையாதிருத்தல்
- வயிறு உப்பி இறுகியிருத்தல்
- வலிப்பு, நிற்கவோ நடக்கவோ இயலாமை

வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்து வைப்பது நோயை முன்கூட்டியே அறிய உதவும். ஒரு கிலோகிராம் எடையுள்ள கினிப்பன்றி ஒரே வாரத்தில் 100 கிராம் இழந்திருப்பின், அது உற்சாகமாகக் காணப்பட்டாலும் மருத்துவரிடம் காட்டப்பட வேண்டியதே.

முதல் மணிநேரங்கள்

எந்த மருத்துவத்தைப் பின்னர் தேர்ந்தெடுத்தாலும், முதற்கட்டப் பராமரிப்பு பெரும்பாலான நோய்களுக்கு ஏறத்தாழ ஒன்றே. உடலைக் கதகதப்பாக வைத்தல், தோலின் கீழ் நீர்மம் செலுத்துதல், வலி நீக்கி மருந்து அளித்தல், உயிர்ச்சத்து சி அளித்தல், கை உணவூட்டல் ஆகியவை இதில் அடங்கும்.

கை உணவூட்டலுக்கு, தாவர உண்ணிகளுக்கென விற்கப்படும் நார்ச்சத்து மிகுந்த மாவை நீரில் குழைத்தோ, கினிப்பன்றிக்கான குளிகை உணவை ஊறவைத்து மசித்தோ பயன்படுத்துவர். ஊசி நீக்கிய சிரிஞ்சின் மூலம் வாயின் பக்கவாட்டில் சிறிது சிறிதாக இது ஊட்டப்படும். நாளொன்றுக்கு உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 50 முதல் 80 மில்லிலீட்டர் வரை, பல வேளைகளாகப் பிரித்துக் கொடுப்பது வழக்கம். வயிறு உப்பியிருக்கும்போதும் மூச்சுத் திணறும்போதும் மருத்துவர் பார்ப்பதற்கு முன் உணவூட்டுதல் ஆபத்தானது.

இவ்வாறு பெறப்படும் ஓரிரு நாட்களே முடிவெடுப்பதற்கான காலம் ஆகும். "நாளை வரை பார்ப்போம்" என்று உணவூட்டாமல் காத்திருப்பதும் ஒரு முடிவே. அது பெரும்பாலும் விலங்குக்குப் பாதகமாகவே அமைகிறது.

நோயறிதல்

மருத்துவர் எடை, உடல் வெப்பநிலை, மூச்சு ஒலி, பற்கள், வயிறு ஆகியவற்றைச் சோதிப்பார். தேவைக்கேற்ப ஊடுகதிர்ப் படம், மீயொலிச் சோதனை, சிறுநீர்ச் சோதனை ஆகியவை மேற்கொள்ளப்படும். எல்லா விலங்கு மருத்துவர்களும் கினிப்பன்றி மருத்துவத்தில் பயிற்சி உடையவர் அல்லர். வாய்ப்பிருப்பின் சிறு பாலூட்டிகளில் தேர்ச்சி பெற்ற ஒருவரை நாடுவது நன்று.

நோயின் பெயர் தெரியாமல் தோற்றத்தை மட்டும் கொண்டு முடிவெடுப்பது இரு வகையிலும் தவறாகலாம். நடக்க இயலாமல் மூட்டு வீங்கி, தொட்டாலே கத்தும் கினிப்பன்றி இறக்கும் தறுவாயில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் காரணம் உயிர்ச்சத்து சி குறைபாட்டால் வரும் ஸ்கர்வி நோயாயின், அந்த உயிர்ச்சத்தை அளித்த சில நாட்களிலேயே முன்னேற்றம் காணப்படலாம். அவ்வாறே, சொறி உண்ணிகள் தோலைத் துளைப்பதால் எழும் கடும் அரிப்பு வலிப்பு வரை கொண்டு சென்றாலும், உண்ணிகளைக் கொல்லும் மருந்துகளால் அந்நோய் குணமாகக்கூடியது.

இதற்கு மாறாக, இரைப்பை முறுக்கிக்கொள்ளும் நிலையில் விலங்கு சில மணிநேரம் முன்புவரை நலமாக இருந்திருக்கலாம். ஆனால் பிழைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பல் நோயும் இவ்வகையில் ஏமாற்றக்கூடியது. கினிப்பன்றியின் 20 பற்களும் வாழ்நாள் முழுதும் வளர்பவை. கீழ்க் கடைவாய்ப் பற்கள் உட்புறமாக வளர்ந்து நாக்கின் மேல் பாலம் போல் மூடிக்கொண்டால் விலங்கால் விழுங்க இயலாது. பற்களைத் தேய்த்துச் சீராக்கினால் மீண்டும் உண்ணத் தொடங்கலாம். எனினும் பலவற்றில் பற்கள் திரும்பவும் கோணலாகவே வளரும். அந்நிலையில் மயக்க மருந்து கொடுத்துப் பல் சீராக்குவதைச் சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ ஒரு முறை திரும்பத் திரும்பச் செய்ய நேரும்.

எடுத்துக்காட்டு: சிறுநீர்ப்பைக் கல்

கினிப்பன்றிகளில் அடிக்கடி காணப்படும் சிறுநீர்ப்பைக் கல், இம்முடிவின் சிக்கலை விளக்க ஏற்ற எடுத்துக்காட்டு ஆகும். கற்கள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. ஆதலால் ஊடுகதிர்ப் படத்தில் தெளிவாகத் தெரியும். இவற்றைக் கரைக்கும் மருந்து இல்லை.

பெண் விலங்கின் சிறுநீர் வடிகுழாய் குட்டையானது. சிறு கல் தானே வெளியேறலாம், அல்லது மயக்க நிலையில் அறுவையின்றி எடுக்கப்படலாம். ஆண் விலங்கில் கல் குழாயை அடைத்துக்கொள்ளும் ஆபத்து மிகுதி. சிறுநீர் முற்றாக அடைபட்டால் அது உடனடி நெருக்கடி நிலையாகும். பெரிய கல்லை அறுவை மூலம் சிறுநீர்ப்பையைத் திறந்தே அகற்ற வேண்டும். அறுவை வெற்றி பெற்றாலும் கல் மீண்டும் உருவாவது பரவலாகக் காணப்படுகிறது.

இரண்டு வயதான, எடை குறையாத, உண்டு வரும் ஒரு கினிப்பன்றிக்கு முதல் முறை கல் வந்தால் அறுவை பெரும்பாலும் பரிந்துரைக்கப்படும். ஆறு வயதான, மெலிந்த, சிறுநீரகமும் பழுதுபட்ட விலங்குக்கு மூன்றாம் முறை கல் வரும்போது அதே அறுவை அதற்கு நன்மையை விட மிகுந்த துன்பத்தையே தரலாம். நோய் ஒன்றேயாயினும் முடிவு வேறுபடுகிறது.

மயக்க மருந்தின் ஆபத்து

ஐக்கிய இராச்சியத்தில் மேற்கொள்ளப்பட்டு 2008-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றின்படி, மயக்க மருந்து தொடர்பான இறப்பு கினிப்பன்றிகளில் 3.8 விழுக்காடாக இருந்தது. நாய்களில் இது 0.17 விழுக்காடும், பூனைகளில் 0.24 விழுக்காடும் ஆகும். சிறிய உடல் விரைவில் வெப்பத்தை இழப்பது, மூச்சுக் குழாயில் குழல் செலுத்துவது கடினமாயிருப்பது, மறைந்துள்ள நுரையீரல் நோய் ஆகியவை இதற்குக் காரணமாகலாம்.

நூற்றில் ஏறத்தாழ நான்கு என்பது அஞ்சத்தக்க அளவாயினும், தொண்ணூற்றாறு விலங்குகள் பிழைக்கின்றன என்பதும் இதிலிருந்து பெறப்படும். நலமான விலங்கை விட நோயுற்ற விலங்குக்கு ஆபத்து கூடுதல் என்பதால், இயன்றவரை நீர்ச்சத்தையும் உணவையும் கொடுத்து உடலைத் தேற்றிய பின்னரே அறுவை செய்யப்படும். கினிப்பன்றியால் வாந்தி எடுக்க இயலாது. பட்டினியும் அதற்குக் கேடு. எனவே அறுவைக்கு முன் அதை இரவு முழுதும் பட்டினி போடுவதில்லை.

மருந்துகள்

மருத்துவ ஆராய்ச்சியில் கினிப்பன்றியின் பங்கு பெரிது. ராபர்ட் கோக் 1882-ல் காசநோய்க் கிருமியை நிறுவியபோதும், நோர்வேயில் ஓல்சுட், ஃபுரோலிக் ஆகியோர் 1907-ல் ஸ்கர்வி நோயை ஆய்வுகூடத்தில் உருவாக்கியபோதும் இவ்விலங்கே பயன்பட்டது. எனினும் கினிப்பன்றிகளின் சொந்த நோய்களுக்கென உரிமம் பெற்ற மருந்துகள் மிகச் சிலவே. பிற விலங்குகளுக்கோ மனிதருக்கோ உரிய மருந்துகளையே மருத்துவர்கள் அளவு மாற்றிப் பயன்படுத்துகின்றனர்.

பெனிசிலின், அம்பிசிலின், அமொக்சிசிலின், கிளின்டமைசின் போன்ற நுண்ணுயிர் எதிர்ப்பிகளை வாய்வழி கொடுத்தால் குடலில் உள்ள நன்மை தரும் நுண்ணுயிரிகள் அழிந்து, நச்சு உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெருகி, கினிப்பன்றி இறக்கக்கூடும். பெனிசிலினின் இந்நச்சுத்தன்மை 1943-லேயே அறியப்பட்டது. என்ரோஃபிளாக்சசின், டிரைமெத்தோபிரிம்-சல்ஃபா ஆகியவை பொதுவாகப் பயன்படுத்தப்படுபவை. வீட்டில் எஞ்சியிருக்கும் மனித மருந்தை மருத்துவரைக் கேளாமல் கொடுத்தல் கூடாது.

வீட்டுப் பராமரிப்பும் செலவும்

அறுவைக்குப் பின் விலங்கு தானாக உண்ணும் வரை இரவு பகலாகச் சில மணிநேரத்துக்கு ஒரு முறை உணவூட்ட வேண்டியிருக்கும். இதைச் செய்ய வீட்டில் ஆள் உண்டா என்பது மருத்துவ வினாக்களுள் ஒன்றே. நன்கு முடிந்த அறுவையும் உணவூட்டல் இன்றேல் வீணாகும்.

கினிப்பன்றியின் விலையோடு மருத்துவச் செலவை ஒப்பிட்டு, "புதிதாக ஒன்று வாங்கிவிடலாமே" என்று கூறுவோர் உளர். விலங்கின் விலை அதன் வலியின் அளவைக் காட்டுவதன்று. அதே வேளை, இயலாத செலவைக் கடன் வாங்கிச் செய்வதே அன்பின் அடையாளம் என்பதும் சரியன்று. இங்கிலாந்திலும் வேல்சிலும் நடைமுறையிலுள்ள 2006-ம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், வலி, துன்பம், நோய் ஆகியவற்றிலிருந்து விலங்கைக் காப்பது வளர்ப்பவரின் கடமை என்கிறது. முறையாகவும் துன்பமின்றியும் விலங்கின் உயிரைப் போக்குவதை அக்கடமையை மீறியதாக அச்சட்டம் கருதுவதில்லை. அதாவது, விலையுயர்ந்த அறுவையைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. ஆனால் எதையும் செய்யாமல் விலங்கைத் துன்புற விடுவதை ஏற்பதில்லை. செலவு எல்லையை முதலிலேயே மருத்துவரிடம் கூறினால், அதற்குள் செய்யக்கூடியவற்றை அவர் விளக்க இயலும்.

வாழ்க்கைத் தரத்தை அளவிடல்

அமெரிக்க விலங்கு மருத்துவர் ஆலிசு வில்லலோபோசு 2004-ல் வெளியிட்ட அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது. வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், தீய நாட்களை விட நல்ல நாட்கள் மிகுந்திருத்தல் ஆகிய ஏழு கூறுகள் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் அளிக்கப்படும். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம் எனக் கொள்வர்.

இவ்வளவுகோல் முதன்மையாக நாய், பூனைகளை எண்ணி உருவானது. கினிப்பன்றி வலியை மறைப்பதால், அதன் வழக்கமான செயல்களைக் கொண்டு மதிப்பிடுவது பொருத்தம். உணவுப் பையின் சலசலப்புக்குக் குரல் எழுப்புகிறதா, தானே உலர்புல் உண்கிறதா, துணை விலங்கின் அருகே செல்கிறதா என்பவற்றை நாள்தோறும் குறித்து வரலாம். சிகிச்சை தொடங்கும் முன்பே, "இத்தனை நாட்களில் தானாக உண்ணத் தொடங்காவிடில் மறுபரிசீலனை செய்வோம்" என மருத்துவருடன் நாள் குறித்துக் கொள்வது, நம்பிக்கையின் பேரில் துன்பம் நீள்வதைத் தடுக்கும்.

கருணைக்கொலை

குணமாகும் வாய்ப்பு இல்லாதபோதும், வலியை மருந்தால் அடக்க முடியாதபோதும், மூச்சுத் திணறல் தணியாதபோதும் கருணைக்கொலை பரிந்துரைக்கப்படுகிறது. பொதுவாக முதலில் மயக்க வளிமமோ ஊசியோ கொடுத்து உணர்வை இழக்கச் செய்து, பின்னர் மிகுந்த அளவு மயக்க மருந்து செலுத்தப்படும். வீட்டில் வேறு வழிகளில் இதைச் செய்ய முயல்வது விலங்குக்குக் கொடுந்துன்பம் தரும்.

இயற்கையாக இறக்க விடுவது மென்மையானது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்ணாத கினிப்பன்றியின் இயற்கை இறப்பு பெரும்பாலும் குடல் உப்பலும் வலியும் நிறைந்தது. எனவே வலி நீக்கி இன்றிக் காத்திருப்பது இம்மூன்று வழிகளுள் எதிலும் சேராது.

துணை விலங்கு

கினிப்பன்றிகள் கூட்டமாக வாழ்பவை. சுவிட்சர்லாந்தில் 2008-ல் நடைமுறைக்கு வந்த விலங்குக் காப்பு விதிகள் இவற்றைத் தனியே வளர்ப்பதைத் தடை செய்கின்றன. தொற்றுநோய் இல்லையெனில், மருத்துவரிடம் செல்லும்போது துணையையும் உடன் கொண்டு செல்வது நோயுற்ற விலங்கின் அச்சத்தைக் குறைக்கும். ஒன்று இறந்தபின் எஞ்சியது உண்கிறதா என்பதை எடை பார்த்துக் கண்காணிக்க வேண்டும். இறப்பின் காரணம் தொற்றாக இருக்கலாம் என ஐயம் எழுந்தால், பிணச் சோதனை எஞ்சிய விலங்குகளைக் காக்க உதவும்.

இவற்றையும் பார்க்க

- கினிப்பன்றி
- உயிர்ச்சத்து சி
- கருணைக்கொலை
- விலங்கு மருத்துவம்