நினைவட்டைப் பிழையும் நாம் செய்யத்தக்கனவும்

கள ஆய்வில் நாம் திரட்டிய குரல்களும் குறிப்புகளும் அஞ்சல் தலையளவேயான நினைவட்டையில் அடங்கிவிடுகின்றன. அதனைப் பழைய கையடக்கக் கணினியில் செருகியதும், 'படிக்க இயலவில்லை, வடிவமைக்கவா?' எனத் திரை வினவுமாயின், நாம் தரத்தக்க விடை 'வேண்டாம்' என்பதே. வடிவமைத்தல், எக்கோப்பு எங்குள்ளது எனக் காட்டும் பொருளடக்கத்தை அழித்துவிடும்.

பல வேளைகளில் அட்டை பழுதற்றதே. 1999இல் அறிவிக்கப்பெற்ற எஸ்.டி. அட்டை 2 ஜிபி வரை கொள்ளும். 2006இல் வந்த எஸ்.டி.எச்.சி. 32 ஜிபி வரை கொள்ளும். வடிவம் ஒன்றாயினும் தரவிற்கு முகவரியிடும் முறை வேறு. ஆதலின், 2001இல் வெளிவந்த பாம் எம்500 போன்ற கருவிகள் பின்னதைப் படிக்கமாட்டா.

எனவே, முதலில் அட்டையின் மேலுள்ள குறியீட்டை நோக்குதல் வேண்டும். அது கருவிக்கு ஏற்றதாயின், கருவியை அணைத்து, அட்டையின் பொன்னிறத் தொடுமுனைகளை உலர்ந்த மென்துணியால் துடைத்து மீண்டும் செருகலாம். அப்பொழுதும் பயனில்லையேல், அட்டையில் புதிதாக எதனையும் எழுதாது, உரிய படிப்பான் வழியே வேறொரு கணினியில் திறந்து, அனைத்தையும் படியெடுத்துக்கொள்ள வேண்டும். அங்கும் திறவாதாயின், தரவு மீட்பில் வல்லாரை நாடுதலே நன்று. வடிவமைத்தல் இவற்றிற்கெல்லாம் பின்னரே.

மீண்டும் மீண்டும் படியெடுக்கப்பெற்றமையாலன்றோ ஓலைச்சுவடிகள் நம் கைக்கு எட்டின! மின்சுவடிக்கும் அதுவே காப்பாகும்.