உள்ளிருக்கும் போர்வை

ஆவடியில் 1961ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற படைத்துறை உடைத் தொழிற்சாலை போர்வீரர்க்கு ஆடை தைத்தளிக்கின்றது. ஆடை குளிரைப் புறத்தே தடுக்கும். அகத்தே தடுப்பவை ஹார்மோன்கள் என்னும் சுரப்புநீர்களாம். 2023 பிப்ரவரியில் இலடாக்கில், உறைந்த பாங்காங் ஏரியின்மீது 21 கிலோமீட்டர் ஓடினோர்க்கு அவையும் துணை நின்றன. கடுங்குளிர் தாக்கியவுடன் நாரட்ரினலின் என்னும் நீர் பெருகி, தோலின் குருதிக் குழாய்களைச் சுருக்கி, உடல்வெப்பம் வெளியேறாது காக்கும், உள்ளத்திற்கும் விழிப்பூட்டும். ஆயின், அண்டார்க்டிகாவில் பல திங்கள் தங்குவோரின் தசைகள் தைராய்டுச் சுரப்புநீரை மிகுதியாகச் செலவிடுகின்றன. அதனால் மூளைக்குக் குறைவு நேர்ந்து, சோர்வும் மறதியும் சினமும் தோன்றும் என ஆராய்ச்சியாளர் கருதுவர்.

மாணவர்களே! இச்சோர்வு கோழைமையன்று, உடலின் மாறுதலே. பனியில் மனந்தளர்ந்தவனை இகழாது, உணவும் ஓய்வும் மருத்துவமும் இன்சொல்லும் அளித்துத் தேற்றுதல் உடனிருப்போர் கடனாகும்.