ஒரே சங்கிலி, இருவர் கால்கள்

"கண்ணிழந்தோனுக்குக் கைத்தடி போதாதா? சைக்கிள் எதற்கு?" என்று கேட்போர் இன்னும் இருக்கின்றனர். அவர்களைப் பாராலிம்பிக் திடலுக்கு அழைக்கிறோம். முன்னே பார்வையுள்ள தோழர், கைப்பிடி அவரிடம். பின்னே பார்வையற்ற வீரர். இருவர் மிதியையும் சங்கிலி பிணைத்திருக்கிறது. ஒருவர் சோம்பினால் மற்றவர் கால் உடனே அறியும். வென்றால் பதக்கம் இருவருக்கும்! 2012இல் இலண்டனில் நீல் ஃபேச்சியும் பார்னி ஸ்டோரியும் அப்படித்தான் தங்கம் பெற்றனர்.

வெள்ளையருக்குத்தான் முடியுமோ? 2016இல் பார்வையற்ற திவ்யான்ஷு கனத்ரா மணாலியிலிருந்து கார்துங் லாவுக்கு இரட்டைச் சைக்கிளில் ஏறினார். 5,000 மீட்டருக்கும் மேலே, ஐயா!

புதுவையோ சமதளம். மாலையானால் கடற்கரைச் சாலையில் மோட்டார் வண்டி நுழையாது. பார்வையற்ற இளைஞரை மேடையேற்றிப் பாடச் சொல்லிக் கைதட்டியது போதும். வாடகைச் சைக்கிள் கடைக்காரர்களே, ஓர் இரட்டைச் சைக்கிள் வாங்கி வையுங்கள். முன்னே அமரத் தோழர்களை நாம் அனுப்புகிறோம்!