மூட்டை சுமக்கும் முதுகெலும்பு: மீன் தந்த சொத்து!

சேலம் செவ்வாய்ப்பேட்டை. லீ பஜார்.

லாரி வந்து நிற்கிறது. வெல்ல மூட்டை, அரிசி மூட்டை, பருப்பு மூட்டை எல்லாம் இறங்குகின்றன. ஒருவர் குனிகிறார். அவர் முதுகில் மூட்டையை ஏற்றுகிறார்கள். விறுவிறு என்று மண்டிக்குள் நடக்கிறார்.

அந்த மூட்டையைத் தாங்குவது எது?

அவருடைய முதுகெலும்பு!

மண்டி வாசலில் சிந்திய தானியத்தைக் கொத்துகிறதே புறா, அதற்கும் முதுகெலும்பு உண்டு. சாக்கைக் கடிக்கும் எலிக்கு உண்டு. சுவரில் இருக்கும் பல்லிக்கு உண்டு. மழை பெய்தால் கத்தும் தவளைக்கும், கூடையில் விற்கும் மீனுக்கும் உண்டு.

ஆனால், வெல்லத்தை மொய்க்கும் ஈக்கும் எறும்புக்கும் கிடையாது.

உலகத்தில் உள்ள பிராணிகளை இப்படி இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, முதுகெலும்பு உள்ளவை. மற்றொன்று, முதுகெலும்பு இல்லாதவை. இல்லாதவைதான் அதிகம். உள்ளவை நூறு வகையில் 5 வகை கூட இல்லை!

அடையாளம் என்ன?

முதுகெலும்பு என்பது ஒரே எலும்பு அல்ல. மாலையில் மணி கோத்தது போல, பல சிறு எலும்புகள் வரிசையாக இருக்கும். அவற்றின் நடுவே துவாரம் உண்டு. அதன் வழியாகத் தண்டுவடம் என்ற நரம்புக் கொத்து ஓடுகிறது. மூளையின் உத்தரவு கைகால்களுக்குப் போவது அந்த வழியில்தான். மூளையைக் காக்க மண்டை ஓடு இருக்கிறது.

இன்னும் ஓர் அடையாளம். இந்தப் பிராணிகளுக்கு இரண்டு ஜோடிக்கு மேல் கால்கள் கிடையாது. பறவையின் இறக்கை, முன்னங்காலின் மாற்று உருவம். நம்முடைய கையும் அப்படித்தான்.

ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எத்தனை எலும்பு இருக்கும்? ஏழு! மனிதன் கழுத்தில்? அதே ஏழு! எலிக்கும் ஏழுதான். நீளம்தான் வேறு, எண்ணிக்கை ஒன்று. எல்லாம் ஒரே மூதாதையின் வழி வந்தவை என்பதற்கு இது ஒரு சாட்சி.

கடலில் பிறந்தது

அந்த மூதாதை எங்கே இருந்தது?

கடலில்!

சீனாவில் கிடைத்த பாறைகளில், மீன் போன்ற சிறு பிராணிகளின் அச்சு பதிந்திருக்கிறது. நீளம் ஓர் அங்குலம். வயது சுமார் 52 கோடி ஆண்டு! அவற்றுக்குத் தாடை இல்லை. முதுகில் வளையக்கூடிய ஒரு கோல் இருந்தது. உடம்பை வளைத்து நீந்த அது உதவியது. அந்தக் கோலைச் சுற்றித்தான் பிற்காலத்தில் எலும்பு வளர்ந்தது.

பிறகு தாடை வந்தது. மீன்கள் பெருகின.

சில மீன்கள் ஆழமில்லாத நீரில் துடுப்பை ஊன்றி நகர்ந்தன. 2004-ம் ஆண்டு கனடா தேசத்தின் வடகோடியில் அப்படி ஒரு மீனின் எலும்புகள் கிடைத்தன. அதன் பெயர் டிக்டாலிக். வயது சுமார் 37 கோடி ஆண்டு. மீனுக்கு இல்லாத கழுத்து அதற்கு இருந்தது. துடுப்புக்குள் மணிக்கட்டு போன்ற எலும்பும் இருந்தது!

இந்த வகை மீன்களின் சந்ததிதான் கரை ஏறியது. தவளை இனம் வந்தது. ஆனால் தவளை முட்டையிடத் தண்ணீரைத் தேட வேண்டும். பல்லி, ஆமை இனம் அந்தக் கஷ்டத்தைத் தீர்த்தது. அதன் முட்டைக்குள்ளேயே நீர் இருந்தது. வெளியே காப்பு இருந்தது. கரையிலேயே குஞ்சு பொரித்தது.

அந்த வழியில் வந்தவைதான் டைனோசர்கள். பறவைகள் அவற்றின் வாரிசுகள். மற்றொரு கிளையில், உடம்பில் முடி வளர்ந்து, குட்டிக்குப் பால் கொடுக்கும் பிராணிகள் வந்தன. ஆடு, மாடு, மனிதன் எல்லாம் இந்தக் கூட்டம்.

அரியலூர் ராட்சதன்

முதுகெலும்புப் பிராணி எவ்வளவு பெரிதாக வளரும்?

அதற்கும் தமிழ்நாட்டிலேயே சாட்சி கிடைத்தது. அரியலூர் பக்கத்தில் உள்ள ஊர் கல்லமேடு. அங்கே ஒரு டைனோசரின் இடுப்பு எலும்பு, கால் எலும்பு, வால் எலும்பு முதலியவை கிடைத்தன. யாதகிரி, அய்யாசாமி என்ற நில இயல் விஞ்ஞானிகள் அதற்கு 'புருகத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். 'மிகப் பெரிய உடம்பு கொண்ட பல்லி' என்பது பொருள்.

முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டுமே சுமார் 2 மீட்டர் நீளம். ஓர் ஆள் உயரத்துக்கு மேல்! அந்தப் பிராணியின் எடை 100 டன்னைத் தாண்டியிருக்கும் என்று சில விஞ்ஞானிகள் கணக்கிடுகிறார்கள்.

ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. உதிர்ந்து தூளாகிவிட்டன. படங்களும் அளவுகளும்தான் மிச்சம்.

நிமிர்ந்ததால் வந்த வலி

அந்த ராட்சதன் நான்கு காலில் நின்றான். முதுகெலும்பு பாலம் போலப் படுத்திருந்தது. மனிதன் இரண்டு காலில் நிமிர்ந்தான். பாலம் தூண் ஆனது! கைகள் விடுபட்டன. கருவி செய்தான். ஆனால் உடம்பின் பாரம் இடுப்பில் இறங்கியது.

குழந்தைக்கு முள்ளெலும்புகள் 33. வளர்ந்ததும் கீழே உள்ள சில ஒட்டிக்கொண்டு 26 ஆகின்றன. அவற்றின் இடையே மெத்தை போன்ற வட்டுகள் உண்டு. பகலெல்லாம் அவை அழுந்துகின்றன. இரவில் படுத்தால் உப்புகின்றன. அதனால்தான் காலையில் எழும்போது மனிதன் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரமாக இருக்கிறான்!

அதிக பாரம் ஏறினால் வட்டு பிதுங்கும். பக்கத்து நரம்பை அழுத்தும். இடுப்பு வலி, கால் வரை இழுக்கும்.

ஓர் ஆள் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேல் இருந்தால் குறைக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967-ம் ஆண்டே சிபாரிசு செய்தது.

வீட்டில் தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிறவர்களும் கவனிக்க வேண்டும். இடுப்பை வளைத்துத் தூக்கக் கூடாது. முழங்காலை மடக்கி உட்கார்ந்து, பாரத்தை உடம்போடு அணைத்து எழ வேண்டும். தூக்கியபடி இடுப்பைத் திருப்பக் கூடாது.

நீந்துவதற்காக வந்த சொத்து இது. மூட்டைக்காக வந்தது அல்ல. 52 கோடி ஆண்டு கடந்து நம்மிடம் வந்திருக்கிறது. பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டாமா?