உள்ளங்கை அளவு ரப்பர்

“பழைய ஸ்விஃப்ட் கார் ஒன்று இருக்கிறது. ஆட்டோகிராஸ் ஓட்ட ஆசை. இருக்கிற பணத்தில் எக்ஸாஸ்ட்டை மாற்றுவதா, ஏர் ஃபில்டரை மாற்றுவதா?” என்று கோவை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டும் வேண்டாம். நல்ல டயர் வாங்குங்கள். மிச்சத்தைப் போட்டிக் கட்டணத்துக்கும் பெட்ரோலுக்கும் வையுங்கள்.

ஆட்டோகிராஸ் தார்த்தளத்திலும் நடக்கிறது, மண்ணிலும் நடக்கிறது. இங்கே பேசுவது தார்த்தளத்தைப் பற்றி. விரிந்த தளத்தில் கோன்களை அடுக்கி, வளைவும் நெளிவுமாகப் பாதை போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும், போட்டி கடிகாரத்தோடு. அமெரிக்க விதிப்படி ஒரு கோனைத் தட்டினால் 2 விநாடி கூடும். ஒரு ஓட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இரண்டாவது கியரைத் தாண்டுவதே அபூர்வம். எஞ்சினுக்கு வேலை குறைவு. டயருக்குத்தான் ஓயாத வேலை.

வரலாறும் கொஞ்சம் சொல்ல வேண்டுமே. 1944-ல் தொடங்கிய ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா, ‘சோலோ’ என்ற பெயரில் இதை ஊர் ஊராக நடத்துகிறது. நம் பக்கத்தில் சோழவரம் விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் வளர்ந்தது. குறைந்த செலவில் பந்தயம் ஓட்ட மாருதி எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதியைக் கொண்டுவந்தவர் கோவை கரிவரதன். செட்டிப்பாளையம் பந்தயத்தளம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. வரலாறு இவ்வளவு போதும்.

டயருக்கு வருவோம். காரின் எடை 1,000 கிலோ என்றால் ஒரு டயர் மேல் சுமார் 250 கிலோ. காற்றழுத்தம் 30 பி.எஸ்.ஐ., அதாவது சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். வகுத்துப் பாருங்கள்: டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 120 சதுர சென்டிமீட்டர்தான், ஓர் உள்ளங்கை. பிரேக், திருப்பம், வேகம் எல்லாமே நான்கு உள்ளங்கை ரப்பர் வழியாகத்தான் தரைக்குப் போகின்றன.

இந்தப் பிடிமானத்தை மாதச் சம்பளமாக வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் 100 ரூபாய். பிரேக் வாடகை, திருப்பம் மளிகை. மளிகைக்கு 80 போனால் வாடகைக்கு 20தானே மிஞ்சும்? டயரின் கணக்கில் 60 மிஞ்சும்! பிரேக் விசை பின்னோக்கி, திருப்பும் விசை பக்கவாட்டில், ஒன்றுக்கொன்று செங்குத்து. 80-ன் வர்க்கமும் 60-ன் வர்க்கமும் சேர்ந்தால் 100-ன் வர்க்கம், பித்தாகரஸ் சொன்னபடி. 100 ரூபாயில் 140 ரூபாய்க்குக் குடும்பம் நடக்கிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது அலுக்காத அதிசயம்.

ஆனால் இந்த வீட்டில் கடன் கிடையாது. 101 கேட்டால் 100-ம் கைக்கு வராது, டயர் வழுக்கிவிடும். பிரேக்கை மிதித்தால் பாரம் முன்னால் சாயும். முன் டயருக்கு போனஸ், பின் டயருக்குப் பிடித்தம். அந்த போனஸிலும் வரி உண்டு. பள்ளியில் படித்த உராய்வு விதி ரப்பருக்கு அப்படியே பொருந்தாது: பாரம் இரட்டித்தாலும் பிடிமானம் இரட்டிக்காது.

புதிதாக ஓட்டுபவர் என்ன செய்கிறார்? நேராக வரும்போது பிரேக்கை அழுத்துவார், முழுதாக விடுவார், பிறகு ஸ்டியரிங்கைத் திருப்புவார். இடைப்பட்ட நேரத்தில் சம்பளம் செலவாகாமல் கிடக்கிறது. தேர்ந்தவர் ஸ்டியரிங் திரும்பத் திரும்ப பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவார். காலும் கையும் ஒரே கணக்கில் போகும். டிரெயில் பிரேக்கிங் என்பார்கள். இதற்குப் பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை, திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். போட்டிக் கட்டணத்துக்குப் பணம் வையுங்கள் என்றது இதற்காகத்தான்.

‘பத்து குதிரைத்திறன் கூடும்’ என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். கூடினாலும் அந்தத் திறன் தரைக்கு இறங்குவது இதே உள்ளங்கை வழியாகத்தான். டயருக்கு நைட்ரஜன் அடிப்பதும் வேண்டாத செலவு. காற்றில் 78 சதவீதம் ஏற்கெனவே நைட்ரஜன்தான்.

பிரேக் பேட், பிரேக் ஆயில், வீல் நட்டு, பேட்டரி கிளாம்ப் ஆகியவற்றைச் சரிபாருங்கள். விதிகள் சொல்லும் தரத்தில் ஹெல்மெட் வாங்குங்கள். இந்திய மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் அனுமதி உள்ள போட்டியா என்று கேளுங்கள். காலியாகக் கிடக்கிறதே என்று பொதுச்சாலையில் பழகாதீர்கள். எதிரே யாராவது வந்தால் இந்தக் கணக்கு எதுவும் காப்பாற்றாது.

இன்னும் இரண்டு பொருள் வேண்டும்: காற்றழுத்தம் பார்க்கும் கேஜ், ஒரு சாக்பீஸ். டயரின் தரைப்பகுதி முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் விளிம்பின் குறுக்கே சாக்பீஸால் கோடு போடுங்கள். ஒரு ஓட்டம் முடிந்ததும் குனிந்து பாருங்கள். பக்கச்சுவர்வரை கோடு அழிந்திருந்தால் திருப்பத்தில் டயர் மடிகிறது, காற்றைக் கூட்டுங்கள். விளிம்புக்கு உள்ளேயே கோடு மிஞ்சியிருந்தால் காற்று அதிகம், கொஞ்சம் இறக்குங்கள்.