தீத்தடுப்புச் சேர்வைகளும் கடல்வாழ் விலங்குகளும்

தீயினின்றும் உயிரைக் காத்தல் நன்றென்பதை மறுப்பார் இலர். அந்நோக்குடன் ஆக்கப்பட்ட பொருளொன்று, தீயையே அறியாத கடல் விலங்குகளின் உடலிற் படிந்தமை எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

மெத்தை நாற்காலிகளின் நுரையும் தொலைக்காட்சிப் பெட்டிகளின் பிளாத்திக்கும் எளிதில் எரிவன. ஆதலின் அவற்றுடன் புரோமீன் கொண்ட சேர்வைகளைக் கலந்தனர். வெப்பமுற்றவிடத்து அவை வெளிவிடும் புரோமீன், சுவாலையிலுள்ள மூலிகங்களைப் பற்றிக்கொள்ள, தகனத் தொடர் அறுபடும். இவற்றுட் பெரிதும் வழங்கியது பல்புரோமோ இருபீனைல் ஈதர் என்னுங் குடும்பமாகும்.

இச்சேர்வை பிளாத்திக்குடன் இரசாயன முறையாற் பிணைக்கப்படாது, வெறுமனே கலக்கப்பட்டதாகும். எனவே நாளடைவிற் கசிந்து, தூசியோடும் கழிவுநீரோடும் கடலை அடைகின்றது. அது கொழுப்பிற் கரைவது, எளிதிற் சிதையாதது. சிறுமீனைப் பெருமீனும், பெருமீனைச் சீல் என்னும் கடல்நாயும் உண்ண, உணவு செரிக்கும். நஞ்சோ கொழுப்பில் தங்கும். படிதோறும் செறிவு பெருகலின், உணவுச் சங்கிலியின் உச்சியிலுள்ள விலங்கே மிகுதியும் மாசுறுகின்றது. தைரொயிட்டு ஓமோனை ஒத்த வடிவுடைமையால், அதன் தொழிலையும் இச்சேர்வை குழப்பவல்லது. தாய் விலங்கு பாலூட்டுங்கால் அந்நஞ்சையும் குட்டிக்கு ஊட்டுகின்றது.

ஒல்லாந்துக் கரையில் ஒதுங்கிய எண்ணெய்த் திமிங்கிலங்களில் இச்சேர்வைகள் காணப்பட்டமையை 1998 இல் ஆய்வாளர் வெளியிட்டனர். அத்திமிங்கிலங்கள் ஆழ்கடற் கணவாய்களை உண்பன. ஆகவே மாசு ஆழ்கடலையும் எட்டியதென்பது பெறப்பட்டது.

கலிபோர்ணியா மாநிலம், தளபாட நுரை சிறு சுவாலையைப் பன்னிரண்டு விநாடி தாங்கவேண்டுமென 1975 இல் விதித்தது. அதனை நிறைவேற்ற நுரையில் இத்தகைய சேர்வைகள் பெய்யப்பட்டன. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கடல்நாய்களது கொழுப்பில் இவற்றின் செறிவு, 1989 முதல் 1998 வரையில் ஏறத்தாழ நூறுமடங்காகப் பெருகியது.

ஸ்டொக்கோம் உடன்படிக்கை இக்குடும்பத்தின் சில கலவைகளை 2009 இலும், பத்துப் புரோமீன் அணுக்கள் கொண்டதை 2017 இலும் விலக்குப் பட்டியலிற் சேர்த்தது. கலிபோர்ணியாவும் 2013 இல் தன் விதியை மாற்றியது. மேலுறைத் துணி புகைந்தெரியாதிருத்தலே புதிய சோதனை. அதற்குச் சேர்வை வேண்டுவதில்லை. எனினும் முன்னர் விற்கப்பட்ட பொருள்களினின்றும் கசிவு ஓய்ந்திலது.

இரசாயனங் கற்கும் மாணாக்கர் இதனின்று அறியத்தக்கது ஒன்றுண்டு. ஒரு பொருள் தன் தொழிலைச் செய்யுமா என வினவுதல் மட்டும் போதாது. அத்தொழில் முடிந்தபின் அது எங்கே செல்லும் என்றும் வினவுதல் வேண்டும்.